இதயத்துக்குள் நுழைந்து பார்க்க ஹெட்செட் வேண்டுமா? மானிட்டர், முப்பரிமாண அச்சு, விஆர்: ஓர் ஒப்பீடு

ஒரு குழந்தையின் இதயத்துக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தால் நமக்குக் கிடைப்பது சில நூறு கறுப்பு வெள்ளைப் படங்கள். வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கி அடுக்கிய மாதிரி, உடம்பின் குறுக்கே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனத்தில் எடுத்த வில்லைகள். ஒவ்வொரு வில்லையிலும் 512-க்கு 512 புள்ளிகள். மவுஸ் சக்கரத்தை உருட்டி மேலிருந்து கீழே போய், மறுபடி கீழிருந்து மேலே வந்து, அந்த வில்லைகளையெல்லாம் மனத்துக்குள் ஒட்டி ஓர் இதயத்தை எழுப்பிக்கொள்கிறார் ரேடியாலஜிஸ்ட். பல வருடப் பழக்கத்தில் அது அவருக்குக் கைவந்துவிடுகிறது. ஆனால் நாளைக் காலை அந்தக் குழந்தையின் நெஞ்சைத் திறக்கப்போகிறவர் வேறொருவர். அவரும் தன் மனத்தில் ஓர் இதயத்தை எழுப்பியாக வேண்டும். இருவர் மனத்திலும் இருப்பது ஒரே இதயம்தானா என்று சரிபார்க்க வழியில்லாமலேயே பல காலம் ஓடியது.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் முப்பரிமாணப் படங்கள் வந்தன, பிறகு அச்சடித்த மாதிரிகள் வந்தன, இப்போது தலையில் மாட்டிக்கொண்டால் நம்மைச் சுற்றி ஒரு மெய்நிகர் உலகத்தையே காட்டும் விஆர் ஹெட்செட் வந்திருக்கிறது. விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட ஹெட்செட்களின் விலை இறங்கியதும் 'நம் துறைக்கும் ஒன்று வாங்கிவிடலாமா?' என்ற பேச்சு மருத்துவமனைகளில் சாதாரணமாகிவிட்டது. ஸ்கேன் படங்களிலிருந்து உறுப்புகளின் மாதிரிகளை உருவாக்கும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் அடிக்கடி வருகிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெட்செட் படத்தைத் தெளிவாக்காது. ஸ்கேனர் பிடிக்காத ஒரு புள்ளியைக்கூட அது கூடுதலாகக் காட்டாது. அது கொடுப்பது ஆழம், திசை, தூரம் பற்றிய உணர்வு மட்டும்தான். 'இது என்ன நோய்?' என்பது உங்கள் கேள்வியானால் மானிட்டர் போதும், மானிட்டர்தான் சரியும்கூட. 'இது எதற்குப் பின்னால் இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, நான் எந்த வழியாக உள்ளே போவது?' என்று கேட்பவருக்கு விஆர் உண்மையிலேயே உதவும். அப்படிக் கேட்பவர்கள் உங்கள் மருத்துவமனையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

மானிட்டரை விட்டு நகரக் கூடாத இடங்கள்

லண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் 1971 அக்டோபர் 1 அன்று, பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு வடிவமைத்த சி.டி. இயந்திரத்தில் முதல் நோயாளியின் தலையை ஸ்கேன் செய்தார்கள். அன்றிலிருந்து சி.டி. பேசுவது எண்களில்தான்; எக்ஸ்ரேயை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்ற கணக்கு அது. தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000. மூளைத் திசு 30, 40 என்ற அளவில் நிற்கும். புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 60, 70 என்று ஏறும். இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியவைக்க, சாம்பல் நிறப் படிகளை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் மானிட்டர் வேண்டும். அதற்கென்றே, மருத்துவப் படங்களுக்கான டைகாம் என்ற தர அளவின்படி சரிசெய்யப்பட்ட மானிட்டர்கள் இருக்கின்றன. மார்பகப் படங்களுக்கு 5 மெகாபிக்சல் மானிட்டர் வைக்கிறார்கள்.

ஹெட்செட்டின் கணக்கு வேறு. 2023 அக்டோபரில் வந்த மெட்டா குவெஸ்ட் 3-ல் ஒரு கண்ணுக்கு 2064-க்கு 2208 புள்ளிகள். கேட்க நிறையத் தோன்றும். ஆனால் அந்தப் புள்ளிகள் உங்கள் பார்வை வெளி முழுவதிலும் பரவிக் கிடப்பதால், பார்வையின் ஒரு பாகைக்குச் சுமார் 25 புள்ளிகள்தான் தேறும். நல்ல கண்ணால் 60 வரை பிரித்துப் பார்க்க முடியும். நுரையீரலில் 4 மில்லிமீட்டர் முடிச்சைத் தேடுவது, எலும்பில் மயிரிழை விரிசலைத் தேடுவது, பக்கவாதத்தில் ரத்தக் கசிவு உண்டா என்று பார்ப்பது இதெல்லாம் ஹெட்செட்டுக்கான வேலைகளே அல்ல. பக்கவாதத்தில் நிமிடக் கணக்குதான் பேச்சு. அங்கே யாரும் தலையில் எதையும் மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

ஒரு ரேடியாலஜி துறையின் தினசரி வேலையில் பெரும்பகுதி இந்த வகைதான். அதனால், ரேடியாலஜிஸ்டுகள் அறிக்கை எழுதுவதற்காக ஹெட்செட் வாங்குவதாக இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

விஆர் தன் இடத்தைப் பிடிக்கும் ஒரு நோய்

சரி, எங்கே வேண்டும்? எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பிறவி இதயக் கோளாற்றை வைத்தே சொல்கிறேன். சாதாரணமாக மகாதமனி இடது கீழறையிலிருந்தும், நுரையீரலுக்குப் போகும் தமனி வலது கீழறையிலிருந்தும் கிளம்பும். சில குழந்தைகளுக்கு இரண்டுமே வலது கீழறையிலிருந்து கிளம்பும். டாக்டர்கள் இதை டி.ஓ.ஆர்.வி. என்பார்கள். இரு கீழறைகளுக்கும் நடுவில் உள்ள சுவரில் ஒரு துளையும் இருக்கும். இடது அறையின் சுத்த ரத்தம் வெளியேற அந்தத் துளைதான் வழி.

அறுவை மருத்துவரின் கனவு, அந்தத் துளையிலிருந்து மகாதமனி வாய்வரை வலது அறைக்குள்ளேயே ஒரு சுரங்கம் கட்டுவது. ஒட்டுத்துணி வைத்துத் தைத்து, சுத்த ரத்தம் நேராக மகாதமனிக்குப் போக ஒரு தனிப் பாதை. அது முடிந்தால் குழந்தைக்கு இரண்டு கீழறைகளும் வேலை செய்யும். முடியாமல் போனால், ஒற்றைக் கீழறையை வைத்து ஓட்டும் வேறு பாதைக்குப் போக வேண்டியிருக்கலாம். அதில் கட்டம் கட்டமாக ஆபரேஷன்கள், வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு. எந்தப் பாதை என்பதைத் தீர்மானிப்பது அந்தத் துளை மகாதமனிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, நடுவில் தசைக்கட்டு ஏதும் குறுக்கே நிற்கிறதா, சுரங்கம் நுரையீரல் பாதையை நெரித்துவிடுமா என்ற கேள்விகள்தான். ஒவ்வொன்றும் இடம் சார்ந்த கேள்வி.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆபரேஷன் மேசையில் மருத்துவர் பார்க்கும் இதயம் நிறுத்தப்பட்ட, ரத்தம் வடிந்த, தொய்ந்துபோன இதயம். காற்றுப் போன பலூனைப் பார்த்து, ஊதினால் அது என்ன வடிவத்தில் இருக்கும் என்று ஊகிக்கிற நிலைமை. ஸ்கேனில்தான் இதயம் நிரம்பி, துடிக்கும் வடிவில் பதிவாகியிருக்கிறது. ஆகவே திட்டம் முதல் நாளே மனத்தில் முடிந்திருக்க வேண்டும்.

விஆரில் அந்த இதயத்தை ஓர் அறையளவு பெரிதாக்கி, வலது அறையின் சுவரை ஒரு வெட்டுத் தளத்தால் நீக்கிவிட்டு, மருத்துவர் உள்ளே தலையை நுழைத்துப் பார்க்கலாம். துளையின் அருகில் நின்று மகாதமனி எங்கே என்று நிமிர்ந்து பார்க்கலாம். நாளை தான் எந்தக் கோணத்தில் நிற்கப்போகிறாரோ அதே கோணத்தில் இதயத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். முதல் முறை மாட்டிக்கொள்கிற அறுவை மருத்துவர்கள் பலரும் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். உடம்பை அசைத்துப் பார்ப்பதுதான் அவர்கள் வாழ்நாளெல்லாம் பழகிய வழி, மவுஸ் அல்ல.

இதே முப்பரிமாண மாதிரியைச் சாதாரண மானிட்டரிலும் சுழற்றிப் பார்க்கலாமே என்று கேட்கலாம். பார்க்கலாம். பல நேரங்களில் அதுவே போதும். வளைந்த ரத்தக்குழாய், வெளிப்புற வடிவம், எலும்பு முறிவின் துண்டுகள் இவற்றுக்கெல்லாம் மானிட்டரில் சுழலும் படம் தாராளம். உள்ளே குழிவாக, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இடங்களில்தான் இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் கிடைப்பதன் அருமை தெரிகிறது. (இரு கண்களுக்கு இரு படம் காட்டினால் ஆழம் பிறக்கும் என்று வீட்ஸ்டோன் 1838-லேயே காட்டிவிட்டார். எக்ஸ்ரே 1895-ல் வந்த கையோடு, அடுத்த வருடமே இரட்டைப் படமாக எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஆழத்தைப் பார்க்கும் ஆசை ஏறக்குறைய எக்ஸ்ரே அளவுக்கே பழையது.)

இதயத்துக்கு வெளியே எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ரியோ டி ஜெனிரோவில் 2022-ல் நடந்தது. தலை ஒட்டிப் பிறந்து, ஏறக்குறைய 4 வயதான இரு சிறுவர்களைப் பிரித்தார்கள். லண்டனில் இருந்த குழந்தைகள் நரம்பியல் அறுவை நிபுணர் நூருல் ஒவாசே ஜீலானியும் பிரேசில் மருத்துவர்களும் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து உருவான மாதிரிக்குள், ஒரே விஆர் அறையில் சந்தித்து, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். மொத்தம் 7 ஆபரேஷன்கள். கடைசி இரண்டுக்கு மட்டும் 33 மணி நேரத்துக்கு மேல் ஆனது. வேறு வேறு நாட்டில் இருப்பவர்கள் ஒரே ரத்தக்குழாயை விரலால் சுட்டிப் பேசுவது அச்சு மாதிரியாலோ மானிட்டராலோ இவ்வளவு இயல்பாக நடக்காது.

கையில் பிடிக்கும் இதயம்

விஆருக்கு உண்மையான போட்டி மானிட்டர் அல்ல, முப்பரிமாண அச்சு. அச்சடித்த இதயத்தைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், பழக்கமும் வேண்டாம். ரப்பர் போன்ற மென்மையான பொருளில் உள்கூடாக அச்சடித்தால், மருத்துவர் அதைக் கத்தரித்து, ஒட்டுத்துணி வெட்டித் தைத்தும் பார்க்கலாம். ஸ்டென்ட்டை உள்ளே வைத்து நிற்கிறதா என்று சோதிக்கலாம். விஆரில் இப்போதைக்குத் தொடும் உணர்வு இல்லை. கை காற்றில்தான் போகும். தைத்துப் பழக வேண்டும் என்பவருக்கு அச்சுதான் என் பரிந்துரை.

பெற்றோரிடம் பேசுவதற்கும் அச்சையே எடுப்பேன். 'உங்கள் குழந்தையின் இதயத்துக்குள் போய்ப் பாருங்கள்' என்று கலங்கி நிற்கும் ஒரு தாயின் தலையில் ஹெட்செட்டை மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி, பக்கத்தில் இருப்பவர் முகம்கூடத் தெரியாது. அச்சடித்த மாதிரியை உள்ளங்கையில் வைத்து, 'இந்த ஓட்டையைத்தான் அடைக்கப்போகிறோம்' என்று டாக்டர் காட்டும்போது, அந்தத் தாய் அதைத் தானே திருப்பிப் பார்க்கிறார், கேள்வி கேட்கிறார்.

அச்சின் குறைகளும் நேரடியானவை. ஒரு நல்ல மாதிரி அச்சாகி, கழுவி, தாங்கிகளை உடைத்து எடுத்து முடிக்க ஒரு நாள் போய்விடும். இன்று மாலை சேர்ந்து நாளை காலை ஆபரேஷன் என்றால் நடக்காது. ஓர் இடத்தில் வெட்டிவிட்டால் வெட்டியதுதான். வேறு கோணத்தில் பார்க்க இன்னொன்று அச்சடிக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் பொருள் செலவு. விஆரில் பத்தாவது நோயாளிக்கும் நூறாவது நோயாளிக்கும் கூடுதல் பொருள் செலவு கிடையாது, வெட்டுத் தளத்தை நூறு முறை நகர்த்தலாம். வருடத்தில் நாலைந்து சிக்கலான நோயாளிகள் மட்டும் வரும் இடம் என்றால் ஹெட்செட்டே வேண்டாம், வெளியே கொடுத்து அச்சடித்து வாங்குங்கள். வாரம் ஒன்று, இரண்டு வரும் இடத்தில் கணக்கு விஆர் பக்கம் சாயும்.

செலவு ஹெட்செட்டில் இல்லை

குவெஸ்ட் 3 வெளியானபோது அமெரிக்காவில் 499 டாலர். ஆப்பிள் விஷன் ப்ரோ 2024-ல் 3,499 டாலர். இந்த விலைகளைப் பார்த்துத்தான் நிர்வாகம் ஒப்புதல் கொடுக்கிறது. ஆனால் ஹெட்செட்டுக்குள் எதைக் காட்டுவது? ஸ்கேன் வில்லைகளில் எது இதய அறை, எது சுவர், எது தமனி என்று ஒருவர் வரைந்து பிரித்துக் கொடுத்தால்தான் மாதிரி உருவாகும். இதற்கு செக்மென்டேஷன் என்று பெயர். பிறவி இதயக் கோளாறு ஒன்றைப் பிரித்து முடிக்க எனக்குச் சில மணி நேரம் ஆகும். 2023-ல் வந்த, சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு உருவாக்கிய டோட்டல் செக்மென்டேட்டர் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சாதாரண உடலமைப்பில் கல்லீரல், எலும்பு, நுரையீரல் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளை நிமிடங்களில் பிரித்துவிடுகின்றன. ஆனால் தாறுமாறாக அமைந்த குழந்தை இதயத்தில் அவற்றை நம்ப முடியாது. நமக்கு உதவி மிகவும் தேவைப்படுவது அங்கேதான்.

இந்த வேலையில் என்ன தவறு நடக்கலாம் என்பதை என் அனுபவத்திலேயே சொல்ல வேண்டும். ஆரம்ப நாட்களில் ஒரு குழந்தையின் இதயத்தைப் பிரித்துக் கொடுத்தேன். மேலறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் ஒரு துளை அழகாகத் தெரிந்தது. விஆரில் அதன் வழியாக எட்டிப் பார்க்கவே முடிந்தது. எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை, செய்த மூத்த டாக்டர், 'அங்கே துளை கிடையாதே' என்றார். வில்லைகளைத் திறந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அந்தச் சுவர் அவ்வளவு மெல்லியது. இருபுறமும், ஸ்கேனுக்காக ஏற்றிய மருந்து கலந்த ரத்தம் பளிச்சென்று இருந்ததால், நடுவில் இருந்த சுவரின் புள்ளிகள் ரத்தம் என்று கொள்ள நான் வைத்த பிரகாச அளவைத் தாண்டிவிட்டன. மென்பொருள் அவற்றையும் ரத்தம் என்று எடுத்துக்கொண்டது. நான் வரைந்தது ஓர் ஓட்டை, குழந்தையிடம் இருந்தது ஒரு சுவர். அன்று அந்த டாக்டர் கேட்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். விஆர் மாதிரிக்கு உள்ளேயே மூல வில்லைகளும் தெரிய வேண்டும். சந்தேகமான இடத்தில் மாதிரியை ஒதுக்கிவிட்டு வில்லையைப் பார்க்கும் வசதி இல்லாத மென்பொருளை வாங்கக் கூடாது. வால்வின் மெல்லிய இதழ்களும் அவற்றைப் பிடித்திருக்கும் நாண்களும் சி.டி.யில் சரியாகப் பதிவாவதில்லை என்பதால், எக்கோவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். அச்சுக்கும் இது அப்படியே பொருந்தும். இன்னும் சொன்னால், அச்சில் ஆபத்து கூடுதல், ஏனென்றால் கையில் கனமாக இருக்கும் பொருளைப் பார்த்து 'இது தவறாக இருக்குமோ' என்று யாருக்கும் தோன்றாது.

மென்பொருள் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. பாஸ்டன் ஆய்வாளர்கள் 1990-களில் தொடங்கிய 3டி ஸ்லைசர் இலவசம், திறந்த மூலம்; விஆருக்கான நீட்டிப்பும் அதிலேயே இருக்கிறது. பழகவும் ஒத்திகைக்கும் அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் அது ஆராய்ச்சிக்கானது, சிகிச்சை முடிவுகளுக்கு அனுமதி பெற்றதல்ல என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இந்தியாவில் 2017-ன் மருத்துவக் கருவி விதிகள் மென்பொருளையும் கருவியாகவே பார்க்கின்றன. ஆகவே சிகிச்சைக்குப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் அனுமதி பெற்ற மென்பொருளுக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். ஹெட்செட் விலையெல்லாம் அதன் பக்கத்தில் சின்னத் தொகை.

மாட்டிக்கொள்பவரின் உடம்பு

தலை சுற்றல், குமட்டல் பற்றி விற்பனையாளர்கள் வாய் திறப்பதில்லை. கண்ணெதிரே ஒரு சாண் தூரத்தில் இதயம் மிதப்பதாகக் கண்கள் குவிகின்றன. ஆனால் ஹெட்செட்டின் லென்ஸ் ஒரு மீட்டருக்கும் அப்பால் நிலைத்த தூரத்தில்தான் படத்தை வைக்கிறது. இந்த முரண்பாட்டில் கண் களைக்கும். அத்துடன், நொடிக்கு 90 படம் என்றால் ஒவ்வொரு படத்தையும் சுமார் 11 மில்லி நொடிக்குள், அதுவும் இரண்டு கண்ணுக்கும், கணினி வரைந்து முடிக்க வேண்டும். ஸ்கேன் தரவை அப்படியே ஒளி ஊடுருவும் மேகமாகக் காட்டினால் சாதாரண கிராஃபிக்ஸ் அட்டை திணறும், படம் தடுக்கும், பார்ப்பவருக்கு வயிற்றைப் பிரட்டும். மேற்பரப்பு மாதிரியாக மாற்றிக் காட்டினால் கணினிக்குச் சுமை குறையும். கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம் பார்த்துவிட்டுக் கழற்றச் சொல்லுவேன். சிலருக்கு இரு கண் பார்வையில் ஆழம் தெரியாது. அவர்களுக்கு இந்தச் செலவெல்லாம் வீண், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முகத்தில் படும் பஞ்சுக்கு ஒவ்வொருவருக்கும் தனி உறை வேண்டும்.

தனியே இயங்கும் ஹெட்செட்கள் நிறுவனத்தின் கணக்கு வழியாக இணையத்தோடு பேசிக்கொண்டே இருக்கும். நோயாளியின் பெயர், எண் எல்லாவற்றையும் கோப்பிலிருந்து நீக்கிய பிறகே மாதிரியை ஏற்றுங்கள். மருத்துவமனைக் கணினியோடு கம்பி போட்டு இணைக்கும் முறை எனக்கு இன்னும் நிம்மதி.

உண்மை உலகத்தின் மீதே படத்தை ஏற்றிக் காட்டும் ஏஆர் கண்ணாடிகள் பற்றிச் சுருக்கமாக. முதுகெலும்பில் ஆணி பொருத்த ஆக்மெடிக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்விஷன் கருவி 2019-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. எலும்பு அசையாத உறுப்பு, அதனால் படத்தையும் உடம்பையும் பொருத்தி வைக்க முடிகிறது. கல்லீரலும் இதயமும் அப்படி நிற்காது. இன்னொன்று: பல ஆய்வுக் குழுக்கள் நம்பியிருந்த ஹோலோலென்ஸ் 2 உற்பத்தியை 2024-ல் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. எந்த ஹெட்செட் வாங்கினாலும், நாளை வேறொன்றுக்கு மாற முடிகிற மென்பொருளாகப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன்

என் வரிசை இது. முதலில் செக்மென்டேஷன் செய்ய ஓர் ஆளை நியமியுங்கள், அல்லது ஆர்வமுள்ள ஒரு டெக்னீஷியனுக்குப் பயிற்சி கொடுத்து, வாரத்தில் இரண்டு நாளாவது இந்த வேலைக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். அவர் மாதிரிகளை ஆறு மாதம் மானிட்டரில் காட்டட்டும். அறுவை மருத்துவர்கள் தாங்களாகவே வந்து 'இன்னொரு கேஸ் செய்து தர முடியுமா' என்று கேட்கத் தொடங்கினால் ஹெட்செட்டுக்குப் போகலாம். யாரும் கேட்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடலாம்.

ஹெட்செட்டை இரவல் வாங்கியாவது ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஏற்கெனவே ஆபரேஷன் முடிந்த பத்துக் குழந்தைகளின் ஸ்கேனை எடுங்கள். அந்தக் குழந்தைகளை முன்பு பார்க்காத ஓர் அறுவை மருத்துவரிடம் மானிட்டரில் காட்டி, என்ன செய்வீர்கள் என்று எழுதி வாங்குங்கள். ஒரு வாரம் கழித்து அதே பத்தை விஆரில் காட்டி மறுபடி எழுதி வாங்குங்கள். இரண்டையும் ஆபரேஷன் குறிப்போடு ஒப்பிடுங்கள். விஆரில் பார்த்தபின் எத்தனை பேருக்குத் திட்டம் மாறியது, மாறியவற்றில் எத்தனை ஆபரேஷனில் கண்டதோடு ஒத்துப்போகிறது, எத்தனை தவறான பக்கம் போனது என்று எண்ணுங்கள். மூன்று பேருக்குச் சரியான பக்கம் மாறியிருந்தால், நான் அன்றே வாங்கச் சொல்லுவேன். ஒருவருக்கும் மாறவில்லை என்றால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல எக்கோ ப்ரோப் வாங்குங்கள்.